பழைய இழுவைக் கொக்கியைப் பிக்கப்பில் பூட்டலாமா?

வடமராட்சி கிழக்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் பழைய ஹைலக்ஸ் டபிள் கப் ஒன்று இருக்கிறது. மணற்காட்டுப் பக்கம் போனால் அடிக்கடி மணலில் தாழ்ந்து விடுகிறது. உடைத்து விற்ற நிசான் பிக்கப் ஒன்றிலிருந்து கழற்றிய முன் இழுவைக் கொக்கி மலிவாகக் கிடைத்திருக்கிறது. கராஜ்காரர் ‘கொண்டு வாரும், பம்பரில் வைத்து வெல்டிங் அடித்து விடுகிறேன்’ என்கிறாராம். அப்படிச் செய்யலாமா, ஆணி (போல்ட்) போட்டுப் பூட்டுவதென்றால் எந்த ஆணி, அதே கொக்கியில் வள்ளம் ஏற்றிய ட்ரெயிலரையும் இழுக்கலாமா என்று கேட்கிறார்.

தம்பி, பாவித்த கொக்கியைப் பூட்டுவதில் ஒரு பிழையும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர் கார்களும் ஒஸ்டின் ஏ40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது கழற்றிப் பூட்டிய சாமான்களை நம்பித்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 தொடக்கத்தில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கும் வரைக்கும் நாடு முழுக்க அதே கதைதான். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்காததை உடைத்த வண்டியில் தேடினோம். ஆனால் கொக்கி பழையதாக இருக்கலாம், அதைப் பிடிக்கும் ஆணி பழையதாக இருக்கக் கூடாது. கொக்கி அறுந்து விபத்து வருவதைவிட, ஆணி அறுந்தோ பிடித்த இடம் பிய்ந்தோ வருவதற்குத்தான் கூடிய வாய்ப்பு.

பம்பர் கதையை முதலில் முடித்து விடுவோம். உங்கள் பம்பர் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தகடு. அதை செசியோடு, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருப்பவை சின்ன பிராக்கெட்டுகளும் நாலைந்து ஆணிகளும். அவை பம்பரின் பாரத்தைத் தாங்கப் போட்டவை, இரண்டு தொன் வாகனத்தை இழுக்க அல்ல. மணலில் இறுகிய வாகனத்தை அதில் கயிறு கட்டி இழுத்தால் கொக்கியும் பம்பரும் சேர்ந்து கழன்று, கயிறு நீண்ட வேகத்தில் முன்னால் நின்று இழுக்கும் ரக்டரை நோக்கிப் பறக்கும். ரக்டரில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பவருக்கு அது வருவதே தெரியாது. இரும்புக் குழாயில் செய்த புல் பார் போட்டிருந்தாலும் இதே நியாயம்தான். அது செசியில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று அடியில் படுத்துப் பார்க்காமல் அதில் கொக்கி வைக்க வேண்டாம்.

சரி, செசியிலேயே வெல்டிங் அடித்தால் என்ன? அதுவும் வேண்டாம். நல்ல கொக்கி அடித்துச் செய்த உருக்கு. சூடேற்றி, குளிரவைத்து, பதம் பார்த்து எடுத்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பதம் கெட்டுவிடும். ஒட்டுக்கு அருகே ஒரு விரற்கடை அகலம் நொறுங்குகிற மாதிரி இறுகியோ, இளகியோ போகும். மேலே பார்த்தால் ஒட்டு தடிப்பாகவும் வடிவாகவும் தெரியும். வெடிப்பு அதன் ஓரத்தில்தான் வரும். இன்னொன்று, ஹைலக்ஸின் முன் செசி பெட்டி மாதிரி மூடியது. வெளியில் வெல்டிங் அடித்தால் உள்ளே இருக்கிற பெயின்ட் எரிந்து போகும். உப்புக் காற்றில் அந்த இடத்தில் உள்ளிருந்து கறள் பிடிக்கும். செசி தின்னப்படுவது கண்ணுக்குத் தெரியாது.

இனிக் கொக்கி. வாங்க முதல் கையில் எடுத்து வடிவாகப் பாருங்கள். முதற் சந்தேகம், அது உண்மையில் இழுக்கிற கொக்கியா என்பது. பல ஜப்பான் வாகனங்களில் செசி நுனிக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். கப்பலில் ஏற்றும்போது வாகனம் அசையாமல் கட்டி வைக்கப் போட்டது அது. மெல்லிய கம்பியை வளைத்தோ, தகட்டை மடித்தோ செய்திருப்பார்கள். பெரும்பாலும் ஒரே ஆணி. நிற்கிற வாகனத்தைக் கட்டி வைக்க அது போதும், புதைந்த வாகனத்தை இழுத்தெடுக்கப் போதாது. இழுவைக் கொக்கி என்றால் பெருவிரல் மொத்தத்தில் இருக்கும், பாதம் அகலமாக இருக்கும், இரண்டோ அதற்கு மேலோ ஆணித் துளைகள் இருக்கும்.

அடுத்தது அடித்துச் செய்ததா, வார்த்ததா என்பது. பக்கவாட்டில் ஓடுகிற கோட்டைப் பாருங்கள். அகலமாக, அராவித் தேய்த்த மாதிரி இருந்தால் அடித்துச் செய்தது. மெல்லிய கூரான கோடாக, மேற்பரப்பு சொரசொரவென்று இருந்தால் வார்ப்பு. கயிற்றில் தொங்கவிட்டு ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினால் உருக்கு ‘ணங்’ என்று நின்று ஒலிக்கும், வார்ப்பிரும்பு ‘டக்’ என்று அடங்கிவிடும். வார்ப்பிரும்புக் கொக்கி என்றால் விலை என்னவாக இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள். வளையாமல், ஒரு முன்னறிவிப்பும் தராமல் உடைகிற சாமான் அது.

பிறகு வாயைப் பாருங்கள். உடைத்த வண்டியில் இடம் வலம் இரண்டும் இருந்திருக்கும். முடிந்தால் சோடியையும் பக்கத்தில் வைத்து வாய் அகலத்தை அளந்து பாருங்கள். ஒன்று கூட விரிந்திருந்தால் அது ஏற்கெனவே தன் எல்லையைத் தாண்டி இழுபட்டது. முறுகி இருந்தாலும் அப்படியே. கயிறு உராய்ந்த இடத்தில் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், பாரம் தூக்கும் கொக்கிகளைக் கழித்து விடுவார்கள். அதே அளவை இதற்கும் வைத்துக்கொள்ளலாம். ஆணித் துளைகள் வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் நீண்டிருந்தால், இளகிய ஆணியோடு அது நீண்ட காலம் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். யாராவது சூடு காட்டி நிமிர்த்திய நீலக் கறை தெரிந்தால் வேண்டவே வேண்டாம்.

வெடிப்புப் பார்க்க விலையான கருவி தேவையில்லை. கம்பி பிரஷ் போட்டுக் கறளையும் பெயின்டையும் முழுதாக எடுத்துவிட்டு, கொக்கியை இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப் போடுங்கள். காலையில் எடுத்து ஈரம் இல்லாமல் துணியால் துடைத்து, வெண்கட்டிப் பொடியை மேலே நன்றாகப் பூசி நிழலில் வையுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போயிருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு கருங்கோடு எழும். சாயம் அடித்துப் பார்க்கும் ஸ்பிரே வருவதற்கு முன் ரயில் பெட்டறைகளில் அச்சுகளை இப்படித்தான் பார்த்தார்கள். வளைவின் உட்பக்கம், பாதமும் கழுத்தும் சேருமிடம், துளைகளைச் சுற்றி, இந்த மூன்று இடத்தையும் கண்ணாடி போட்டுப் பாருங்கள். பெயின்ட் அடித்து மினுக்கி வைத்திருக்கிற கொக்கியை விட, கறளோடு கிடக்கிற கொக்கியைத்தான் நான் நம்புவேன். பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆணி விஷயத்துக்குக் கொஞ்சம் கூட நேரம் தாருங்கள். கொக்கியோடு வந்த பழைய ஆணிகளை அளவுக்கு மாத்திரம் வைத்துக்கொண்டு எறிந்து விடுங்கள். நம்முடைய கரையோரக் காற்றில் கறள் ஆணியின் தலையில் தெரிவதை விட, தகடும் கொக்கியும் சேர்கிற இடுக்கில்தான் கூடத் தின்னும். 12 மில்லிமீட்டர் ஆணி அந்த இடத்தில் 9க்கு வந்திருந்தால், குறுக்கு வெட்டு ஏறத்தாழப் பாதிதான் மிச்சம். கழற்றும்வரை வெளியில் ஒன்றும் தெரியாது.

புதிய ஆணியின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று எழுதியிருக்க வேண்டும். 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கி அறும், அதில் 80 சதவீதத்தில், அதாவது 640இல், திரும்பாதபடி நீளத் தொடங்கும். எம்12 அளவில், அதாவது 12 மில்லிமீட்டர் தடிப்பில், அப்படி ஒரு ஆணி குறுக்காக அறுபட ஏறத்தாழ 4 தொன் இழுவை வேண்டும். தலையில் ஒன்றும் எழுதாத அல்லது 4.8 என்று எழுதிய ஆணி, கதவுக்கும் கூரைக்கும் போடுகிறது. அதே அளவில் பாதிப் பலம்தான். உங்கள் ஹைலக்ஸ் ஆட்களோடு சாமானோடு இரண்டரைத் தொன்னுக்கு வரலாம். சக்கரத்தின் பாதி வரை மணலில் புதைந்தால் இழுக்கத் தேவையான பலம் வாகனத்தின் நிறையளவு என்று கணக்கு வைப்பது வழக்கம். அது மெதுவாக இழுத்தால். வெட்டி இழுத்தால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கும் வரும். இந்தக் கணக்கில் மெதுவாக இழுத்தால் 8.8 ஆணி இரண்டு தாராளமாக நிற்கும், வெட்டி இழுத்தால் 4.8 நிற்காது.

ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது, கனபேர் இதில்தான் செசியைக் கெடுக்கிறார்கள். ஜப்பான் வாகனங்களில் எம்12 ஆணியின் மரை பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட நுண்மரை. ஹாட்வெயார் கடையில் எம்12 என்று கேட்டால் எடுத்துத் தருவது 1.75 மில்லிமீட்டர் பருமரை. இரண்டும் ஒரே தடிப்பு, கண்ணுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது. செசிக்குள் ஒட்டி வைத்திருக்கிற நட்டில் பருமரை ஆணியை ஸ்பனர் போட்டு அழுத்தினால் இரண்டு சுற்று போகும், பிறகு நட்டின் மரை உரிந்து வெளியே வரும். கையால் ஐந்தாறு சுற்று தாராளமாகப் போகாத ஆணியை ஒருபோதும் ஸ்பனரால் தொட வேண்டாம். பழைய டொயோட்டா ஆணியின் தலையில் 7 என்று தனி எண் இருந்தால் பயப்பட வேண்டாம். அது அவர்களுடைய குறி. சதுர மில்லிமீட்டருக்கு 70 கிலோ தாங்கும் என்று அர்த்தம்.

கடற்கரை ஆட்கள் உடனே கேட்பது ‘கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஆணி போட்டால் என்ன?’ என்று. வள்ளத்து எஞ்சினுக்குப் போடுகிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் ஆணி 450 நியூட்டனிலேயே நீளத் தொடங்கும். 8.8க்கு அது 640. அதோடு ஸ்டெயின்லெஸ் நட்டு ஸ்டெயின்லெஸ் ஆணியில் இறுகும்போது கடித்துக்கொண்டு ஒரு பக்கமும் அசையாமல் நின்றுவிடும். அதனால் இந்த வேலைக்கு ஸ்டெயின்லெஸ் வேண்டாம். 12.9 ஆணி எல்லாவற்றிலும் பலமானது என்று தருவார்கள், அதுவும் வேண்டாம். அந்தளவு இறுகிய உருக்கு, உப்பும் ஈரமும் நிற்கிற இடத்தில் திடீரென்று வெடிக்கக் கூடியது. முலாம் பூசிய 8.8 ஆணி, அதே தரத்தில் நட்டு, மொத்தமான வொஷர். அவ்வளவுதான்.

இனிப் பூட்டுகிற இடம். நிசான் கொக்கியின் துளைகள் உங்கள் ஹைலக்ஸ் செசியில் இருக்கிற துளைகளோடு பெரும்பாலும் பொருந்தாது. முதலில் ஹைலக்ஸுக்கே உரிய கொக்கி கிடைக்குமா என்று இன்னும் ஒரு கிழமை தேடுங்கள் என்பதுதான் என் எண்ணம். கிடைத்தால் பாதி வேலை மிச்சம். பல செசிகளில் முன் நுனியின் அடிப்பக்கத்தில் நட்டு ஒட்டிய துளைகள் ஏற்கெனவே இருக்கும், சேறும் மெழுகும் அடைத்திருக்கும். இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, சரியான மரைக்கு டப் (மரை வெட்டும் கருவி) ஓட்டித் துப்புரவாக்கிப் பூட்டுங்கள்.

நிசான் கொக்கிதான் என்றால், கொக்கியில் புதிதாகத் துளை போடாதீர்கள். 10 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு இடைத் தகடு வெட்டி, ஒரு பக்கம் கொக்கியின் துளைக்கும், மறுபக்கம் செசியின் துளைக்கும் பொருந்தச் செய்வதுதான் ஒழுங்கு. செசியில் புதிதாகத் துளைக்க நேர்ந்தால் பக்கச் சுவரில் துளையுங்கள், மேல் கீழ் மடிப்புகளில் வேண்டாம். வாகனம் குதிக்கும்போது வளைவு முழுக்க அந்த மடிப்புகளில்தான் விழும். துளையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரத்துக்கு, எம்12 ஆணிக்குக் குறைந்தது 18 மில்லிமீட்டர் விடுங்கள். இரண்டு துளைகளுக்கு நடுவே 36. துளைக்க முன் மறுபக்கம் பிரேக் குழாயோ வயரோ ஓடுகிறதா என்று கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

செசி பெட்டியாக இருப்பதால் ஊடறுத்து ஆணி போட்டு இறுக்கினால் இரண்டு சுவரும் உள்ளே ஒடுங்கும், வெறும் தகரப் பேணியை நசுக்குகிற மாதிரி. ஒடுங்கிய பிறகு ஆணி எப்போதும் இறுக்கமாக நிற்காது. அதனால் உள்ளே ஒரு மொத்தக் குழாய் வைக்க வேண்டும். செசியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய, ஆணி மட்டும் போகிற துளையுள்ள குழாய். லேத்தில் கொடுத்தால் பத்து நிமிட வேலை. மறுபக்கத்தில் நட்டுக்குக் கீழே 6 மில்லிமீட்டர் தகடு ஒன்று வையுங்கள், சின்ன வொஷர் போதாது. துளைத்த விளிம்பு எல்லாவற்றையும் அராவி, ரெட் ஒக்சைட் பூசி, காய்ந்த பிறகு பூட்டுங்கள். கொக்கிக்கும் செசிக்கும் நடுவே தடிப்பாகப் பெயின்ட் விட வேண்டாம். பெயின்ட் பின்னர் நசுங்க, ஆணி இளகும்.

இறுக்கம்: எம்12 நுண்மரை, 8.8 ஆணி, உலர்ந்த மரை என்றால் 90 நியூட்டன் மீட்டர் அளவு. டோர்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பனரின் நுனியில் 30 கிலோ அழுத்தம் கொடுத்தால் கிட்டத்தட்ட அதுதான். குளியலறைத் தராசைச் சுவரோடு வைத்துக் கையால் தள்ளிப் பார்த்தால் 30 கிலோ எவ்வளவு என்று கைக்கு விளங்கிவிடும். குழாய் மாட்டி நீட்டிக்கொண்டு முழுப் பலத்தையும் போடுவது கராஜ் பழக்கம். அப்படிச் செய்தால் ஆணியைப் பாதியிலேயே நீட்டிவிடுவீர்கள். மரையில் எண்ணெய் தடவினால் அதே அழுத்தத்தில் ஆணி கூட இறுகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் கொக்கிக்கும், கொக்கியிலிருந்து செசிக்கும் வெள்ளைப் பெயின்டால் ஒரு நேர்க்கோடு கீறுங்கள். வாகனத்தின் பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கொக்கியிலிருந்து நல்ல வேர் பிடித்த பனை ஒன்றின் அடிக்கு செயின் புளொக் (பாரம் இழுக்கும் சங்கிலிக் கப்பி) போட்டு மெதுவாக இறுக்குங்கள். ஒரு தொன் புளொக் போதும். எவரும் சங்கிலி நேருக்கு நிற்கக் கூடாது. இளக்கிய பிறகு கோடுகளைப் பாருங்கள். எங்காவது கோடு முறிந்து விலகியிருந்தால் அந்த இடம் அசைந்திருக்கிறது, கழற்றி முதலிலிருந்து பாருங்கள். ஒரு மாதம் கழித்து ஒருக்கால் அதே கோடுகளைப் பார்ப்பது நல்லது.

முடிந்தால் இரண்டு பக்கமும் கொக்கி போடுங்கள். ஒரே கொக்கியில் சாய்வாக இழுத்தால் ஒரு செசி நுனி மட்டும் முழுப் பாரத்தையும் வாங்கும். இரண்டிலும் ஒரு பட்டியை V வடிவில் மாட்டி நடுவில் இழுத்தால் பாரம் பகிரும். திறந்த வாய்க் கொக்கி என்றால் வாயை மூடுகிற சின்ன ஸ்பிரிங் நாக்கு ஒன்று பூட்டுங்கள், கயிறு தளரும் நேரம் கழன்று விழாது. கொக்கி பம்பருக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்கவும் கூடாது. சைக்கிளில் வருகிறவரின் முழங்கால் உயரம் அது.

இழுக்கிற முறையைப் பற்றியும் கொஞ்சம். மணற்காட்டு மணலில் நீங்கள் தாழ்வதற்குப் பாதிக் காரணம் ரயரில் இருக்கிற காற்று. றோட்டுக்கு வைத்திருக்கிற 30, 35 பி.எஸ்.ஐ.யோடு மணலில் இறங்கினால் எந்தப் பிக்கப்பும் தாழும். 15, 18க்கு இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். தாழ்ந்தாலும் முதலில் அக்சிலேட்டரை விடுங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலை வாருங்கள், தென்னை மட்டையோ பனையோலையோ போட்டுப் பாருங்கள். கொக்கி தேவைப்படும் நாட்கள் பாதியாகக் குறையும். திரும்ப றோட்டில் ஏறும்போது காற்றை நிரப்ப மறக்க வேண்டாம்.

கயிறு போட்டால் தளர்வை முழுக்க எடுத்த பிறகு மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். ரக்டர்க்காரர் தளர்வு விட்டு ஓடி வந்து வெட்டி இழுக்க விரும்புவார். வேகம் இரட்டித்தால் கயிற்றில் ஏறும் சக்தி நான்கு மடங்கு. நைலோன் கயிறு நீண்டு சக்தியைச் சேர்த்து வைக்கும், அறுந்தால் சவுக்கு மாதிரி வரும். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். வேடிக்கை பார்க்கிற பொடியளைக் கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குத் துரத்துங்கள்.

கடைசியாக ட்ரெயிலர். கரையில் வள்ளத்தைக் கயிறு போட்டு மெல்ல மேலே இழுக்க இந்தக் கொக்கி போதும். றோட்டில் ட்ரெயிலர் இழுக்க அது ஆகாது. ட்ரெயிலர் பின்னுக்கு இழுக்கிறது மட்டுமல்ல, தன் நிறையில் பத்தில் ஒரு பங்கு அளவு கீழேயும் அழுத்தும், பள்ளத்தில் மேலேயும் உதறும், பிரேக் போட்டால் முன்னுக்கும் தள்ளும். அதற்குப் பின் செசியின் இரண்டு பக்கமும் பிடிக்கிற டோ பார் என்ற இழுவைச் சட்டம், அதில் ட்ரெயிலரை மாட்டுகிற பந்து, அதோடு பாதுகாப்புச் சங்கிலி வேண்டும். மறுபக்கமாக, அந்தப் பந்தில் கயிறு மாட்டி மணலில் தாழ்ந்த வாகனத்தை வெட்டி இழுக்கவும் கூடாது. பந்தின் கழுத்து அறுந்து குண்டு மாதிரிப் பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். உங்கள் பின் செசி நுனியில் கறள் எவ்வளவு என்று தெரியாமல் டோ பார் பற்றி மேலே சொல்ல முடியாது. அடியில் படுத்து, உதிரிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.